இரண்டு வரியில் முடிப்பவள்

வெள்ளவத்தை வகுப்பில் இப்போது விடைத்தாள் திருத்தும் மூன்று பிள்ளைகள் சேர்ந்து, சென்ற வாரம் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார்கள். "அக்கா, எல்லைகள் அலகை நீங்க எப்படித் திருத்தினீங்க எண்டு எங்களுக்கு எழுதித் தாங்கோ. சேர் உங்கட பெயரைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு ஏசுறார்." இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியோடு கேட்டு முடித்திருப்பேன். இறுதியில் ஒருத்தி ஒலிவாங்கிக்கு மிக அருகில் வந்து கேட்டாள்: "தர்ஷிகா மிஸ்ஸும் நீங்களும் ஒரே மேசையிலயா இருந்தனீங்கள்? அக்கா, நீங்க சரியான லக்கி!"

இருபதுகளில் இருக்கும் ஒருத்தி தன்னை ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்வது நகைப்புக்குரியது என்பதை அறிவேன். ஆனாலும் விடைத்தாள் திருத்துவது நான் முழுதாகச் செய்து, முழுதாக விட்டு வந்த வேலை. இன்று இலக்கியம் படிக்கிறேன், வெளிவாரிப் பட்டப்படிப்பு. அந்த வேலையோ நான் விட்டு வந்த வடிவில் இல்லை. மாணவர்கள் தம் விடைகளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். திருத்துபவர்கள் தத்தம் வீடுகளில் இருந்து விரலால் சரி போடுகிறார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்ப்பதில்லை. பொறாமைப்படவும் ஒரு பொது மேசை வேண்டும். அந்த மேசை எங்களுக்கு இருந்தது.

நான் அந்த மேசைக்கு வந்த கதை சுருக்கமானது. ஜிந்துப்பிட்டியில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் படித்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தேன். பெறுபேறு பொறியியலுக்குப் போதவில்லை. இணைந்த கணிதத்தில் மட்டும் நல்ல சித்தி. எங்களுக்கு அப்பாடத்தைக் கற்பித்த சேர், "சும்மா வீட்டில இருக்காமல் பேப்பர் திருத்த வாங்கோ பிள்ளை" என்றார். போனேன். சில ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டேன்.

சேரின் தனியார் வகுப்பு, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் அறை. புகையிரதம் போகும்போது அறையிலுள்ள தேநீர்க் கோப்பைகள் அனைத்தும் ஒருமுறை நடுங்கும். மின்விசிறியின் இறக்கைகளை உப்புக்காற்று தின்றிருந்தது.

கணிதம் படிக்காதவர்களுக்காக, எல்லை என்றால் என்ன என்பதைச் சேர் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன். x² − 4 என்பதை x − 2 ஆல் வகுக்க வேண்டும். x இரண்டை நெருங்கும்போது விடை எதை நெருங்கும்? அவசரக்காரன் நேரே இரண்டைப் பிரதியிடுவான். மேலே பூச்சியம், கீழே பூச்சியம். அது விடையன்று, மேலும் கீழும் ஒரே காரணி மறைந்திருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. எனவே முதலில் சுருக்க வேண்டும். மேலே உள்ளதை (x − 2)(x + 2) என்று பிரித்தால், கீழே உள்ள x − 2 உடன் ஒன்று வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது x + 2. இப்போது இரண்டைப் பிரதியிட்டால் நான்கு.

"பூச்சியத்தால வகுக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டு, x − 2ஐ ஏன் சேர் வெட்டுறீங்கள்?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். சேர் காத்திருந்தது போலப் பதில் சொல்வார்: "x ரெண்டுக்குக் கிட்டப் போகுது. போய்ச் சேரேல்ல. கிட்டப் போறது வேற, போய்ச் சேருறது வேற. சேராத வரைக்கும் வெட்டலாம்."

சேர் யாரிடமும் "பிழை" என்று சொல்லமாட்டார். "திரும்பப் பாருங்கோ" என்பார். நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், மின்விசிறியைப் பார்ப்பார். நாம் சொல்வது சரியென்றால் பார்வை மெல்லக் கீழிறங்கி நம்மிடம் வரும். சரியில்லையென்றால் விசிறியிலேயே நிற்கும். அவர் பார்வை இறங்குவதற்காக நான் எத்தனை சனிக்கிழமைகள் காத்திருந்தேன் என்பதை எழுத விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் மாணவர்கள் பரீட்சை எழுதத் தொடங்கும்போது, பின்னறையில் நாங்களும் அதே வினாத்தாளை எழுத வேண்டும். அதன் பிறகே சேர் புள்ளித்திட்டத்தைச் சிறிய கரும்பலகையில் எழுதுவார். எங்களில் யாருடைய விடை அவருடையதைவிடக் குறுகியதாகவும் குற்றமற்றதாகவும் இருக்கிறதோ, அதை வலப்பக்கத்தில் 'மாற்று முறை' என்று எழுதி, அதன் கீழ் அந்த விடையை எழுதியவரின் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். வெறும் ஓர் எழுத்து. மாலையில் அழிந்துவிடும். அதற்காகவே நாங்கள் வேலை செய்தோம் என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள்.

ஒவ்வொரு படிக்கும் ஐந்து புள்ளி. எல்லைக் கணக்கில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. இறுதியாகப் பிரதியிடும் வரைக்கும் ஒவ்வொரு வரியின் முன்னும் 'எல்லை' என்ற குறி இருக்க வேண்டும். ஒரு வரியில் அது விடுபட்டாலும் நான் ஐந்து புள்ளியைக் கொடுக்கமாட்டேன். குறி இல்லாத வரி பொய் சொல்கிறது. நெருங்கிக்கொண்டிருப்பதை, சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறது.

"சுமதிட கையில பேப்பர் போனா, பிள்ளைக்கு மறுமையிலதான் புள்ளி," என்பார் ரிஸ்வான். கிராண்ட்பாஸிலிருந்து வரும் ரிஸ்வான் எங்களில் மூத்தவர். வேடிக்கை பேசியபடியே பிழையில்லாமல் திருத்துவார். நானும் அவரும் இருந்த மேசைக்கு மூன்றாவதாக வந்தவள் தர்ஷிகா.

அவளுடைய வீடு இரண்டு ஒழுங்கைகள் தள்ளி. நான் ஜிந்துப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, பஸ் மாறி, "நங்கீ, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று நடத்துநர் சிங்களத்தில் முன்னே போகச் சொல்லித் தள்ளத் தள்ள நின்றுகொண்டே வந்து சேரும்போது, அவள் ஈரத்தலையோடு நடந்து வருவாள். அதுவும் பிந்தி. வினாத்தாளை எடுத்துப் பார்ப்பாள். பிறகு யன்னலால் கடலைப் பார்ப்பாள். நான் அதற்குள் அரைப்பக்கம் விரித்துப் பெருக்கியிருப்பேன். அவள் திடீரென்று குனிந்து இரண்டு வரி எழுதுவாள். முடிந்துவிடும்.

முதல் வாரம் வந்த கணக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மேலே x − 2. கீழே √(x + 2) − 2. வழமையான முறை, கீழே உள்ளதன் குறியை மாற்றி, மேலும் கீழும் அதனால் பெருக்குவது. எல்லாப் பாடநூலும் அதையே சொல்லும். நானும் அதையே செய்தேன். தர்ஷிகா எதையும் பெருக்கவில்லை. மேலே இருந்த x − 2ஐ, (√(x + 2) − 2)(√(x + 2) + 2) என்று பிரித்து எழுதினாள். கீழே உள்ளது அப்படியே வெட்டுப்பட்டது. மிஞ்சியதில் இரண்டைப் பிரதியிட நான்கு வந்தது. நான் கொண்டுவந்து சேர்த்ததை, அவள் ஏற்கெனவே அங்கே இருப்பதாகக் கண்டாள். சேரின் பார்வை விசிறியிலிருந்து இறங்கியது. மாற்று முறை, அதன் கீழே 'த'.

அதன்பின் வாரந்தோறும் 'த'. அவளுடைய கையெழுத்து மோசமானது. அதிலும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. நான் பொறாமைப்பட்டேன். அவளுடைய வேகத்தின் மீதன்று. வேகத்தைப் பயிற்சியால் பெறலாம். எது தேவையற்றது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற அந்தக் கண்ணின் மீது. நான் வீட்டுக்குப் போய், அவள் முறையில் பழைய வினாக்களைச் செய்து பார்ப்பேன். அவள் எழுதிய பிறகு எனக்கும் தெரியும். எழுதுவதற்கு முன் ஒருபோதும் தெரியவில்லை.

"பொறாமைக்கு மருந்து ஈக்கா?" என்று ஒருநாள் ரிஸ்வான், கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

"யாருக்கு?"

"சும்மா கேட்டன். பிளேன்டீ ஆறிப் போகுது, குடிங்க."

இந்த நிலையில்தான் சேர் அந்தச் செய்தியைச் சொன்னார். "கொட்டாஞ்சேனையில ஒரு ஹோல் கிடைச்சிருக்கு. புதன்கிழமை பின்னேரத்தில ரிவிஷன் வைப்பம். முதல் அலகு எல்லைகள். எனக்கு அங்க வரேலாது. உங்களில ஒராள்தான் எடுக்கவேணும். வாற சனிக்கிழமை சொல்லுறன்."

ரிஸ்வானுக்கு வேறு வேலை இருந்தது. எனவே நான் அல்லது தர்ஷிகா.

கொட்டாஞ்சேனையை ஒட்டியதுதான் ஜிந்துப்பிட்டி. அந்த மண்டபம் எங்கள் ஒழுங்கை தொடங்கும் இடத்தில், மாடியில் இருக்கிறது. எங்கள் சமையலறையிலிருந்து பார்த்தால் அதன் யன்னல்கள் தெரியும். அம்மா அயலவர்களிடம் "மகள் வெள்ளவத்தையில கணக்கு கிளாஸ்ல வேல செய்யிறா" என்று பெருமையாகச் சொல்வார். "என்னா வேல, பேப்பர் குடுக்கிறதா?" என்று கேட்பார்கள். அந்த மாடியில் வெண்கட்டியோடு நிற்கும் என்னை அந்த ஒழுங்கை பார்க்க வேண்டுமென்று விரும்பினேன். வேறெதையும் அந்த அளவுக்கு விரும்பியதாக நினைவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே சேருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை வினாத்தாளில் எல்லைக் கணக்கைத் தர்ஷிகா அமைத்திருந்தாள். திருத்துபவர்களிடம் வினா அமைக்கக் கொடுப்பது அதற்கு முன் நடந்ததில்லை. சேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மேலே √(1 − cos 2x). கீழே x. x பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை என்ன?

அவளுடைய விடை இரண்டு வரி. 1 − cos 2x என்பது 2 sin² x. அதன் வர்க்கமூலம் √2 sin x. x பூச்சியத்தை நெருங்கும்போது sin x / x ஒன்றை நெருங்கும் என்பது தெரிந்த முடிவு. ஆகவே √2. சேர் முதல்நாளே பார்த்து ஒப்பமிட்டிருந்தார். மண்டபத்தில் பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நான் வழக்கம்போல விரித்து எழுதினேன். இரண்டாவது வரியில் என் பேனா நின்றது. ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவது அந்த எண் அன்று. அதன் மட்டு, அதாவது குறியை நீக்கிய பெறுமானம். அப்படியென்றால் மேலே இருப்பது sin x அன்று, |sin x|. x பூச்சியத்தை வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் √2. இடப்பக்கத்திலிருந்து நெருங்கினால் மேலே நேர், கீழே மறை: −√2. இரு பக்கமும் இரு வேறு இடங்களை நெருங்குகின்றன. எல்லையே இல்லை.

திரும்பச் செய்து பார்த்தேன். பிறகும் ஒருமுறை. அதன் பின்னரே வாயைத் திறந்தேன்.

"சேர், இந்தக் கணக்குக்கு எல்லை இல்ல."

சேர் விசிறியைப் பார்த்தார். "சொல்லுங்கோ."

நான் எழுந்து கரும்பலகைக்குப் போனேன். மட்டின் வரைவிலக்கணத்திலிருந்து தொடங்கினேன். நேர்ப்பெறுமானத்துக்கு ஒரு நிலை, மறைப்பெறுமானத்துக்கு ஒரு நிலை என்று பிரித்தேன். வலப்பக்க எல்லையை எல்லா வரியிலும் குறியோடு எழுதினேன். பலகை நிறைந்தது. சேரின் பார்வை விசிறியிலேயே நின்றது. புகையிரதம் ஒன்று போனது, கோப்பைகள் நடுங்கின. நான் ஒரு பாதியை அழித்து, இடப்பக்க எல்லையைத் தொடங்கி, x < 0 என்று எழுதினேன்.

"ஐயோ!" என்று தர்ஷிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மேல எப்பவும் பிளஸ், கீழ மைனஸ்! சேர், பிழைச்சுப் போச்சு. மைனஸ் பக்கத்த மறந்தே போனன். அக்கா, சுப்பர்!"

சேரின் பார்வை இறங்கியது. ஆனால் அது முதலில் அவளிடம் போய், பிறகே என்னிடம் வந்தது. அவர் என் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, புள்ளித்திட்டத்தில் மட்டு வரும் வரியை எழுதி, அதன் அருகில் 'சு' என்று போட்டார். நான் காத்திருந்த எழுத்து. அதை நான் முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் தர்ஷிகா மண்டபத்துக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டாள்.

"பிள்ளையள், ஒருக்கா நிமிருங்கோ. எல்லைக் கணக்கு நான் போட்டது. கேள்வி சரி. நான் எழுதி வச்ச விடைதான் பிழை. நீங்களாவது ரெண்டு பக்கமும் பாருங்கோ."

"மிஸ், அப்ப எங்களுக்குப் பிழைச்சாலும் புள்ளி தருவீங்களா?"

"அதை சுமதி அக்காட்டக் கேளுங்கோ!"

மண்டபம் முழுவதும் சிரித்தது. ரிஸ்வானும் சிரித்தார். பரீட்சையின் நடுவில் துப்புக் கொடுப்பது முறையன்று என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலை, விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சேர் சொன்னார்: "கொட்டாஞ்சேனையைத் தர்ஷிகா எடுக்கட்டும்."

நான் பொதுவாக ஏன் என்று கேட்பவள் அல்லள். அன்று கேட்டேன். "சேர், பிழையக் கண்டது நான்தானே?"

அவர் முதன்முறையாக விசிறியைப் பார்க்காமல் நேரே என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஓம் பிள்ளை. நீங்கள் காணாத பிழை இல்ல. நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு அவ்வளவு பேப்பரும் பிழையாத் திருத்துப்பட்டிருக்கும். ஆனா உங்களுக்குப் பிழைச்சா நீங்கள் என்ன செய்வீங்கள்? வீட்ட போய் அழுவீங்கள். அவ எழும்பிப் போய்ப் பிள்ளையளுக்குச் சொல்லிச் சிரிப்பிச்சுப் போட்டு வந்திட்டா. வகுப்பில நிக்கிறதுக்கு அந்த ஆள்தான் வேணும்."

"எனக்குப் பிழைக்கிறதில்ல சேர்."

"அதைத்தான் சொல்லுறன்."

வாசலில் ரிஸ்வான் குடையோடு நின்றார். "வாங்க, புறக்கோட்டை வரைக்கும் ஒண்டா போவம்" என்றார். வழி முழுவதும் அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. அவர் என்மீது இரக்கப்பட்டார் என்பது அதனால்தான் தெரிந்தது.

புதன்கிழமை வந்தது. கொட்டாஞ்சேனையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிய நுழைவுத் தாள்களை இரண்டாவது முறை சரிபார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அயலவர்கள் கேட்டது மெய்யாயிற்று: பேப்பர் கொடுக்கத்தான் போனேன். மாடிப்படியின் இறுதியில், கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தர்ஷிகா அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதி, அதே இரண்டு வரியைப் போட்டு, √2 என்று வட்டமிட்டிருந்தாள்.

"ஆருக்கும் இதில சண்டை இருக்கா?"

எல்லோரும் குனிந்து அதைக் கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள்.

"சண்டை பிடிக்கவேணும். இது என்ர பிழை. சேருக்கே தெரியேல்ல. கண்டுபிடிச்சது உங்கட ஊர் ஆள், சுமதி அக்கா. இந்த ஒழுங்கையிலதான் இருக்கிறா." மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி "எங்கட சுமதி அக்காவா?" என்றாள். "உங்கட அக்காதான்" என்றுவிட்டுத் தர்ஷிகா வெண்கட்டியால் வர்க்கமூலக் குறியைத் தட்டினாள். "இது எப்பவும் சிரிச்ச முகம். என்ன நடந்தாலும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கும். கீழ இருக்கிற x அப்பிடியில்ல. பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் சிரிக்கும், அந்தப் பக்கம் அழும். இப்ப சொல்லுங்கோ, விடை ஒண்டா?"

"இல்ல மிஸ்!"

நான் ஒரு கரும்பலகையை நிரப்பியும் அரைவாசி அழித்தும் சொன்னதை அவள் அந்த அளவில் முடித்துவிட்டாள். பின்வாங்கில் இருந்தவர்களுக்கும் புரிந்தது. அதுமட்டுமன்று, அந்த ஒழுங்கைக்கு என் பெயரை, நான் நினைத்திருந்ததைவிட அழகாகச் சொல்லியும் கொடுத்தாள். அவள் மறைத்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். அதையும் அவள் வெட்டிவிட்டாள்.

விடைத்தாள்களைக் கதவருகே இருந்த கதிரையில் வைத்துவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும், சமையலறை யன்னலால் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "உன்னோட வேல செய்யிற புள்ளதானே அது? கொரல் நல்லா கேக்குது" என்றார். ஓம் என்றேன்.

பிறகும் நெடுநாள் அந்த மேசையில் இருந்தேன். ஓரிரு முறை 'சு' கிடைத்தது. எப்போதும் ஒரு வரிக்கு அருகில், ஒருபோதும் 'மாற்று முறை'க்குக் கீழே இல்லை. பின்னர் வகுப்பு கைப்பேசிக்குப் போனது. மேசை போனது. நானும் விலகினேன்.

ஆகவே, என்னிடம் கேட்ட பிள்ளைகளுக்கு: நேரே பிரதியிடாதீர்கள். முதலில் சுருக்குங்கள். வெட்டும்போது, வெட்டுவது பூச்சியமன்று என்பதை உறுதிசெய்யுங்கள். வர்க்கமூலத்தைக் கண்டால் இரு பக்கமும் போய்ப் பாருங்கள். எல்லைக் குறி இல்லாத வரிக்குப் புள்ளி கொடுக்காதீர்கள், யார் கேட்டாலும். சுருக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள் என்று எழுதத்தான் விரும்பினேன். செய்ய முடியாததைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

தர்ஷிகா இப்போது காணொளியிலும் கற்பிக்கிறாள். கொழும்புக்கு வெளியிலிருந்தும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒன்றுவிடாமல் நானும் பார்க்கிறேன், ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. பிழை இருப்பதில்லை. சென்ற மாதம் மட்டும், ஒரு கணக்கின் இரண்டாவது வரியில், அவள் எல்லைக் குறியைப் போடாமல் சென்றுவிட்டாள். நான் காணொளியை நிறுத்தி, பின்னே போய், மறுபடி பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. அவளுக்குத் தனியாக எழுதினேன்: "இரண்டாவது வரியில் எல்லைக் குறி இல்லை."

உடனே பதில் வந்தது.

"தெரியும் அக்கா. நீங்கள் இன்னும் பாக்கிறீங்களோ எண்டு அறியத்தான் விட்டனான்."

அது உண்மையா, அகப்பட்டுக்கொண்ட கணத்தில் அவளுக்குத் தோன்றிய இரண்டு வரி விடையா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்கு அப்படித் தோன்றியிராது. அந்த ஐந்து புள்ளியை நான் இன்னும் கொடுக்கவில்லை.